கல்யாணக் காட்சியில் வந்த குரல்

அந்தக் காதல் படத்தின் கல்யாணக் காட்சியில் நாயகன் வாயைத் திறந்தால் தோழனின் குரல்தான் வரும். எல்லாத் தியேட்டரிலும், எல்லா ஷோவிலும் அப்படித்தான். வெளியான வாரத்தில் ஓரிரு தியேட்டர்காரர்கள் கோளாறு என்று படப்பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். போன பெட்டி போன மாதிரியே திரும்பி வந்தது. அதன்பின் அவர்களும் பேசாமல் ஓட்டினார்கள்.

படத்தின் கதை ஒன்றும் புதிதல்ல. நாயகன் காதலிப்பான், தோழன் தூது போவான், வழுக்கி விழுவான், கடைசியில் கல்யாணத்துக்கு நாற்காலி தூக்கிப் போடுவான். நாயகனுக்குக் குரல் கொடுத்தவனை டப்பிங் கூடத்தில் சர்க்கரை என்று கூப்பிடுவார்கள். அவன் மணி என்ன என்று கேட்டால்கூடக் கேட்கப்பட்டவள் தலைமுடியைச் சரிசெய்துகொள்வாள். தோழனுக்குப் பேசியவன் உப்புத்தாள். குரலும் அப்படித்தான், சுவரைத் தேய்க்கலாம். நாயகிக்குப் பேசியவள் சிட்டு. உப்புத்தாளுக்குச் சிட்டு என்றால் உயிர். அதைச் சர்க்கரையிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போனால், சர்க்கரை முந்திக்கொண்டான். "டேய், எனக்குச் சிட்டுவை ரொம்பப் பிடிச்சிருக்குடா. எனக்குப் பேச வராது, நீதான் போய்ப் பேசணும்." உப்புத்தாள் போய்ப் பேசினான். நன்றாகவே பேசித் தொலைத்தான். சிட்டு சரி என்றுவிட்டாள்.

அன்று பிடித்த பொறாமை அவனைப் பாடாய்ப் படுத்தியது. சர்க்கரை அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டால் இவனுக்கு உடம்பெல்லாம் எரியும். அந்தப் பயலுக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். கட்டியது. சிட்டு வெந்நீர் வைத்து ஆற்றிக் கொடுப்பதைப் பார்த்ததும், தனக்கு ஏன் கட்டவில்லை என்று அதற்கும் பொருமினான்.

டப்பிங் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் வசனம் இல்லாதபோது மைக்கை விட்டு ஓரடி தள்ளி, வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வருடக்கணக்காக அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைக்கிறவர்களுக்கு, எதிரில் ஒரு வாய் அசைந்தால் தங்கள் வாயும் தானாக அசையும். கல்யாணக் காட்சிக்குக் குரல் பதிந்த அன்று உப்புத்தாள் தள்ளி நிற்கவில்லை. "நீ இருக்கிற இடம்தான் எனக்கு வீடு, என்கூட வந்துடு" என்று சர்க்கரை உருக, இவன் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் கூடவே அசைத்தான். ஒலிப்பதிவாளர் ஓட்டிப் பார்த்தபோது இவன் குரல் வந்தது. மறுபடி எடுத்தார்கள். இவனைத் தெருவில் நிறுத்திவிட்டு எடுத்தார்கள். அதே குரல். தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுவே நன்றாகத்தான் இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே நிஜக் கல்யாணமும் பதிவு அலுவலகத்தில் நடந்தது. உப்புத்தாள்தான் சாட்சி. சம்மதமா என்று பதிவாளர் அம்மா கேட்டார். சர்க்கரை வாயைத் திறந்தான். எதிரில் ஒரு வாய் திறந்ததும் பழக்க தோஷம், இவன் உதடும் அசைந்தது. "சம்மதம்" என்று மாப்பிள்ளையிடமிருந்து கரகரவென்று வந்தது. சிட்டு திரும்பிச் சாட்சியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் சம்மதத்தைச் சொன்னாள். வாழ்த்தலாம் என்று வாயைத் திறந்த உப்புத்தாளுக்குச் சர்க்கரையின் குரல் வந்தது. பிறகு அது மாறவே இல்லை. டாக்டர் இரண்டு தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டுமே நன்றாக இருக்கின்றன என்றார்.

அதிலிருந்து நாயகர்களுக்கெல்லாம் உப்புத்தாள்தான் பேசினான். சர்க்கரை தோழர்களுக்கும் அடியாட்களுக்கும் பேசினான். அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "குரல்ல என்னடா இருக்கு? சோறு இறங்கினா போதும்" என்பான். வருத்தமெல்லாம் இவனுக்குத்தான். இவன் குரல் சிட்டுவின் வீட்டில் குடியிருந்தது. அவளிடம் சோப்பு எங்கே என்று கேட்டது, குழந்தை பிறந்ததும் அதைத் தூங்கவைத்தது. போன் செய்தால் மென்றுகொண்டே "யாருங்க?" என்று இவனையே கேட்டது. அடுத்தவன் மேல் பொறாமைப்படுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். சொந்தக் குரலின் மேல் பொறாமைப்பட்டு வயிறெரிந்தவன் இவன் ஒருவன்தான்.

குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், ஒருநாள் போனைச் சிட்டு எடுத்தாள். வீட்டில் சண்டையெல்லாம் உண்டா என்று இவன் சும்மா கேட்டுவைத்தான்.

"அவர் கத்துவார். எனக்குக் கோபமே வராது. அந்தக் குரலைக் கேட்டா, நீ அன்னைக்கு வந்து பேசினதுதான் ஞாபகம் வரும்" என்றாள் சிட்டு. "நீ உனக்காகப் பேசறேன்னுல்ல நெனச்சேன். நீ முடிக்கறதுக்குள்ளயே சரின்னுட்டேன். அப்புறம்தான் அவர் பேரைச் சொன்னே."

உப்புத்தாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீயே அவரை அவ்வளவு நல்லவர்னு சொன்னியே. நல்லவர்தான்."

இவன் ஏதோ சொல்ல நினைத்தான். எதைச் சொன்னாலும் சர்க்கரையின் குரலில்தான் போய்ச் சேரும் என்று பேசாமல் இருந்தான். அங்கே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "யாரு போன்ல?" என்றது இவனுடைய குரல். நம்ம ஆள்தான் என்றாள் சிட்டு. "சாப்பிட வரச் சொல்லு" என்றது குரல். உப்புத்தாள் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

இப்போது தினமும் போகிறான். சர்க்கரைக்கு எதிர் நாற்காலிதான் அவனுக்கு. சர்க்கரை பேசப்பேச இவன் உதடும் கூடவே அசையும், இம்மிகூடப் பிசகாது. குழந்தைக்கு மட்டும் ஆரம்பத்தில் குழப்பமாக இருந்தது. இதில் யார் பேசுகிறார்கள் என்று ஒருநாள் கேட்டது.

"ரெண்டு பேரும்தான். நீ சாப்பிடு" என்றாள் சிட்டு.