படத்தில் தங்காத தையல்சிட்டு

கிரில்காரர் எடுத்த படங்களிலிருந்து தையல்சிட்டு பறந்துபோய்விடும். ஸ்டுடியோவில் அச்சாகி வரும்போது கிளையில் குருவி இருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் கிளை மட்டும் மிஞ்சும். ஸ்டுடியோக்காரரே ஒருமுறை அவர்கூடவே நடந்துவந்து பார்த்தார். "முக்குக்கடை வரைக்கும் இருந்துச்சுண்ணே. ஒருத்தன் சைக்கிள் மணி அடிச்சான் பாருங்க, அங்கதான் போயிருக்கும்" என்றார். பேப்பர்தான் மட்டமோ என்று வேறு பேப்பருக்கு மாறினார். அதிலிருந்தும் பறந்தது.

ஜன்னலுக்கும் கேட்டுக்கும் கம்பி வெல்டிங் வைப்பது கிரில்காரரின் பிழைப்பு. படப் பைத்தியம் மனைவியால் வந்தது. தையல் மிஷின் மிதித்தே குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள், வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் படுத்துவிட்டாள். கொல்லையிலிருந்து நாளெல்லாம் ஒரு குரல் கேட்டது. கட்டைவிரல் அளவு உடம்புக்கு அத்தனை சத்தம். இலையைத் தைத்துக் கூடு கட்டும் குருவி அது என்று அவர் சொல்லிவிட்டார். "நம்ம தொழில்காரி முகத்த ஒருதடவ பாத்துடணுங்க" என்று அவள் பிடித்துக்கொண்டாள். கட்டிலைக் கதவுவரை இழுத்துப் பார்த்தார். கட்டில்கால் கிறீச்சிட்டதும் குருவி போய்விட்டது. அதனால் பழைய கேமரா ஒன்றை வாங்கி, தினமும் வேலைக்குப் போகுமுன் செம்பருத்திச் செடியடியில் குந்தினார். சூடுபட்டுத் தடித்த விரலுக்குப் பொத்தான் அகப்படுவதே பெரும்பாடு. குருவியோ கண்மூடித் திறப்பதற்குள் அடுத்த இலைக்குத் தாவியிருக்கும்.

வெறுங்கிளைப் படங்களை அவள் எறிய விடவில்லை. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டச் சொன்னாள். வருஷம் போனதில் சுவரே செடியானது. ஆனால் அவள் சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடந்தது; குருவியைப் பற்றிக் கேட்பதும் நின்றுபோனது.

ஆடுகிற எதையும் வெல்டு வைத்து நிறுத்துவதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். இரும்புச் சட்டம் செய்து, விரல் நுழையாத வலை வைத்து, ஸ்டுடியோவிலேயே படத்தை உள்ளே தள்ளி மூடி வெல்டு வைத்துக் கொண்டுவந்தார். குருவி வீடுவரை இருந்தது. செம்பழுப்பு நெற்றி, தூக்கிய வால், அலகில் துளி நூல். மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் கொல்லையில் குரலில்லை. படத்தில் குருவியின் வால் தொங்கியிருந்தது.

"வெட்டி விடுங்க."

"எவ்ளோ பாடுபட்டேன் தெரியுமா?"

"ஒரே எடத்துல கெடக்கறது எப்படின்னு எனக்குத்தான் தெரியும். வெட்டுங்கன்னா."

வலையை வெட்டினார். குருவி அறையை ஒரு சுற்றுச் சுற்றி, அவரே அடித்த ஜன்னல் கம்பிக்கிடையில் நுழைந்து போனது. அவர் வேலைக்குப் போய் ஒரு கேட்டைக் கோணலாக வெல்டு வைத்து ஏச்சு வாங்கினார்.

சாயங்காலம் வந்தபோது குருவி சுவரில் இருந்தது. கீழ்வரிசைப் படம், வளைந்த கிளை, அதன்மேல். யாரும் கூப்பிடவில்லை. பிறகு அதன் ஜோடி வந்தது, அக்கம்பக்கத்துக் குருவிகளும் வந்தன. வெறுங்கிளைகளில் ஒவ்வொன்றாக ஆள் ஏறியது. விடிந்ததும் இரைக்குப் போகும், இருட்டுமுன் படத்துக்குத் திரும்பும். எச்சத்துக்காகச் சுவரடியில் பழைய பேப்பர் விரிப்பது கிரில்காரர் வேலையானது. அவள் தையல் பெட்டியிலிருந்து நூல் துணுக்குகளைத் தலையணையில் எடுத்து வைத்தாள். ஒருநாள் ஒரு படத்தில் இரண்டு இலைகள் சேர்ந்து தைபட்டிருந்தன.

"தையல் எப்படி?" என்று கேட்டார்.

"இன்னும் நெருக்கிப் போட்டிருக்கலாம்" என்றபடி அவள் சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.