கொடியில் பதினேழு இல்லை

டல்லரூப் ஊரில் எந்தச் செய்தியும் முதலில் வெளியாவது க்ளெனிஸ் வீட்டுத் துணிக்கொடியில்தான். ஊர் ஃபுட்டி பந்தாட்ட அணியின் ஜெர்சிகளைத் துவைத்துக் காயப்போடுவது அவள் பொறுப்பு. சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சேறும் வியர்வையுமாக ஒரு பெரிய பை அவள் வாசலில் வந்து விழும். திங்கட்கிழமை காலையில் அத்தனையும் பளிச்சென்று கொல்லைப்புறத்தில் தொங்கும். ஒற்றைக் கம்பத்தின் மேல் குடை மாதிரி விரிந்து காற்றில் சுற்றுகிற கொடி அது. அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வரிசை பிசகாமல்தான் போடுவாள்.

வீடோ நெடுஞ்சாலை திரும்புகிற மூலையில். வேலியோ இடுப்பளவு. போகிறவர் வருகிறவர் எல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைத்துக் கொடியைப் படித்துவிட்டுத்தான் போவார்கள். அணியை விட்டு விலகுகிறவன் ஜெர்சியைக் கழகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது உடனே அலமாரிக்குள் போய்விடும். ஆகவே கொடியில் எண் இல்லையென்றால் ஆள் இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

துணி காயவைக்கிற ட்ரையர் வாங்கித் தருகிறோம் என்று கழகத்தார் சொல்லாமலில்லை. பக்கத்து ஊர் அணி அப்படித்தான் ஒன்றை வாங்கி, முதல் வாரமே கம்பளி ஜெர்சிகளை அதில் போட்டு எடுத்தது. ஆறடி ஆட்கள் தொப்புள் தெரிய மைதானத்தில் இறங்கிய கண்கொள்ளாக் காட்சியை க்ளெனிஸ் நேரில் பார்த்தவள். “காத்து சும்மா கிடக்கு, அதுக்கெதுக்கு மிஷினு?” என்று சொல்லிவிட்டாள். உண்மையில் கொடியில் துணி போடுவது அவளுக்குப் பிடிக்கும். ஈரத்துணியை ஓர் உதறு உதறினால் முகத்தில் தெறிக்கிற சாரலும், காற்று எழும்பியதும் மொத்த அணியும் கைகளை வீசிக்கொண்டு சுற்றிச்சுற்றி வருவதும் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்தத் திங்கட்கிழமை மட்டும் மனசு கொடியில் இல்லை. அவள் மகன் ரோரிக்கு ஜிலாங் துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே ஒரு பெரிய அணியும் அவனைக் கூப்பிட்டிருந்தது. வருவதா இல்லையா என்று புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவைத் தவிர யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை, அவளும் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். “போறதுன்னா போடா, எனக்கென்ன” என்றும் சொல்லியிருந்தாள். சுத்தப் பொய். கணவர் இறந்தபின் அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். அவன் போய்விடுவானோ என்று அவளுக்குப் பயம். கேட்டால் அழுதுவிடுவோம் என்றுதான் கேட்காமல் இருந்தாள்.

ரோரியின் எண் பதினேழு. முந்தைய ஆட்டத்தில் மைதானத்துச் சேற்றில் பாதியை அவன் முதுகிலேயே வாரிக்கொண்டு வந்திருந்தான். ஒரு துவையலுக்கு அது மசியவில்லை. க்ளெனிஸ் அதை மட்டும் மறுபடி தொட்டியில் ஊறப்போட்டாள். மற்றதையெல்லாம் கொடியில் போட்டாள். பதினாறு வந்தது. ஒரு ஜெர்சி அகலத்துக்கு இடம் விட்டாள். பிறகு பதினெட்டு. பழகின கை, அது பாட்டுக்குச் செய்துவிட்டது.

மத்தியானம் ஆவதற்குள் தபால் ஆபீஸ் டாட் வேலி ஓரம் வந்து நின்றாள். கையில் கேக். டாட் சும்மா கேக் கொண்டுவருகிற ஆள் இல்லை.

“எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம் க்ளெனிஸ். எந்த ஊருன்னு மட்டும் சொல்லிடு.”

“எந்த ஊரு? என்ன உளர்றே?”

“பதினேழைக் காணோமே.”

“அது தொட்டியில ஊறுது, டாட்!”

“ஊறட்டும், ஊறட்டும்” என்று டாட் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். “பெத்தவ மனசு எனக்குப் புரியாதா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

டாட் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றால் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று அர்த்தம். க்ளெனிஸ் தலைதெறிக்க ஓடிப் பதினேழைப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். வந்த நேரம், பிடித்தது மழை. இருந்த ஜெர்சிகளையும் வாரிக்கொண்டு உள்ளே ஓட வேண்டியதாயிற்று. கூடத்தில் நாற்காலி முதுகு, கதவு மேல்விளிம்பு என்று ஒன்றையும் விடாமல் துணி ஏறியது. பதினேழுக்குக் கணப்புக்கு நேரே ஸ்டாண்டில் ராஜ மரியாதை. அதிலிருந்து ஆவி எழும்ப எழும்ப அவளுக்கு எரிச்சலும் எழும்பியது.

நாலு மணிக்குள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ரோரி வந்து நின்றான். முகம் உர்ரென்றிருந்தது.

“அம்மா, நீதான் ஊரெல்லாம் சொன்னியா?”

“சத்தியமா இல்லடா. ஜெர்சி ஊறிட்டிருந்துச்சு.”

“ஊறினா ஊறட்டும். நடுவுல எதுக்கு இடம் விட்டே? சேர்த்துப் போட்டிருந்தா ஒரு பய கவனிச்சிருப்பானா? ஊரைக் கூட்டி என்னைப் போகவிடாம பண்ணணும்னு வேணும்னே செஞ்சிருக்கே.”

“அது உன் இடம்டா. பதினெட்டைத் தூக்கி அங்க எப்படிப் போடறது?” அவள் குரல் உடைந்தது. இவ்வளவு நாள் அடைத்து வைத்ததெல்லாம் கூடவே வந்துவிட்டது. “ஆமா, நீ போகக் கூடாதுன்னுதான் எனக்கு இருக்கு. எனக்கென்னன்னு சொன்னது பொய். ஆனா அதுக்காக உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். கேட்கணும்னா நேராவே கேட்பேன். இப்ப கேட்கறேன், போகாதேடா.”

ரோரி பொத்தென்று உட்கார்ந்தான். நனைந்த தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

“நீ ஒருத்தியாவது கேட்டியே” என்றான். “காலையிலேர்ந்து ஒருத்தன், ஒரே ஒருத்தன் போகாதேன்னு சொல்லணுமே! கோச் கையைக் குலுக்கி ‘நல்லா இரு’ங்கறார். பேக்கரியில வழியனுப்புறாங்களாம், ஒரு பை நிறைய பன்னு. பத்து வருஷம் இந்த ஊருக்காக மூக்கை உடைச்சுக்கிட்டிருக்கேம்மா. ரெண்டு தடவை.”

க்ளெனிஸ் அந்த மூக்கைப் பார்த்தாள். அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. கறிக்கடை நெவில். நாற்பது வயது. மாற்று ஆட்டக்காரனாக ஓரத்திலேயே உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்தவன். தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட, புது மாப்பிள்ளை மாதிரி நெளிந்தான்.

“தப்பா நினைக்காதீங்க க்ளெனிஸ். அந்தப் பதினேழு வீட்லதான் இருக்குன்னு டாட் சொன்னா. சும்மா, தோள் சரியா இருக்கான்னு ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டுத் தந்துடறேன்.”

“போட்டுப் பார்க்கறியா?” உள்ளேயிருந்து ரோரி எழுந்து வந்தான். “நெவில், நான் இன்னும் சாகலடா!”

நெவிலுக்குப் பேய் கண்டது மாதிரி ஆகிவிட்டது. “ஐயோ ரோரி, நீ இங்கதான் இருக்கியா? கோச்தான் சொன்னாரு, இனிமே வாய்ப்பு இருக்கும்னு...”

ரோரி ஸ்டாண்டிலிருந்து ஜெர்சியை உருவினான். பாதிகூடக் காயவில்லை. கிளிப் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் கொல்லைப்பக்கம் இறங்கிப் போனான். வெறும் கொடியைப் பிடித்துச் சுற்றி, சாலையைப் பார்க்கிற பக்கமாக நிறுத்தி, முதுகில் உள்ள எண் வெளியே தெரியும்படி பதினேழை மாட்டினான். ஒன்றுக்கு நாலாகக் கிளிப் குத்தினான். சாலையில் ஒரு கார் தயங்கி, ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

க்ளெனிஸ் பின்வாசலுக்கு ஓடி வந்தாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“அப்ப ஜிலாங்?”

“காலையில போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன். போறவனை ரெண்டு நாளாவது தேட மாட்டாங்களா இந்த ஊர்ல? அளவெடுக்க வந்துட்டான்!”

பின்னால் நெவில் பெருமூச்சு விட்டான். க்ளெனிஸ் அவன் கையில் ஒரு துண்டைக் கொடுத்தாள்.

“சரிடா, கோபத்தை விடு. இந்த மழையில அது எப்படிக் காயும்? எடுத்துட்டு உள்ள வா, ஜுரம் வந்துடும்.”

ரோரி நகரவில்லை. தொப்பலாக நனைந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தன் ஜெர்சிக்குப் பக்கத்திலேயே காவல் நின்றான்.

“டாட் இன்னும் வேலை முடிஞ்சு இந்தப் பக்கம் போகலம்மா. அவ ஒருத்தி பார்த்துட்டுப் போகட்டும், வர்றேன்.”