கேட்காமல் போன துட்டி

துட்டி என்றால் துக்கம், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் திருநெல்வேலிக்காரர்களுக்கு அது நேரில் போய்க் கேட்க வேண்டிய ஒன்று. போனில் கேட்டால் சேர்த்தி இல்லை. மும்பை தாராவியில் பிறந்த பிள்ளைகளுக்கு இது எங்கே புரிகிறது?

முப்பிடாதியம்மாளின் ஒரே மகன் சுடலைக்கண்ணன் காய்ச்சலில் இறந்தபோது, அடுத்த சந்தில் கோகிலவாணி வீட்டில் மகள் மாலதியின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாகிவிட்டது. கால் நட்ட வீட்டார் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. முப்பிடாதியும் கோகிலவாணியும் ஒரே அடுப்பில் இட்லி அவித்து விற்றவர்கள். சுடலை பாதி நாள் கோகிலவாணி மடியில் வளர்ந்த பிள்ளை.

"மெசேஜ் போட்டாச்சுல்லா மம்மி. பஸ், ஹோ கயா" என்று இந்தியில் கதையை முடித்தாள் மாலதி.

"மெசேஜ் போட்டா துட்டி தீந்துருமாட்டி?" என்று கத்தினாள் கோகிலவாணி. ஆனாலும் போகவில்லை. பெண்ணைப் பெற்றவளுக்குப் பயம். அந்தச் சந்திலிருந்து கேட்ட அழுகைக்கு நடுவே தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். நானெல்லாம் ஒரு மனுஷியா என்று இருந்தது.

கல்யாணமும் மறுவீடும் முடிந்த மறுநாளே புறப்பட்டாள். கட்டிப் பிடித்து அழுதுவிட்டால் போதும், அக்கா மன்னித்துவிடுவாள் என்று நினைத்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

முப்பிடாதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வா கோகிலா" என்றாள்.

துட்டி கேட்க வருகிறவர்களை யாரும் வா என்று கூப்பிடுவதில்லை.

"எக்கா, நம்ம சுடலை..."

"இரி. கல்யாணம் நல்லா முடிஞ்சுதா? மாப்பிள்ளைக்கு முலுண்ட்ல வீடாமே?"

"என்னைய ரெண்டு ஏச்சு ஏசுக்கா. ஒன் கூட ஒக்காந்து அழ விடு."

முப்பிடாதி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"அன்னைக்கு வாசலையே பாத்துட்டு இருந்தேன், கோகிலா. வந்தவ ஒவ்வொருத்தியும் நீயோன்னு நிமிந்து பாத்தேன். பதினாறும் கழிஞ்சுட்டு. இப்ப எனக்கு அழுகை வர மாட்டேங்கு. நீ தனியா அழுதா நல்லாவா இருக்கும்? காப்பி போடுதேன், குடிச்சிட்டுப் போ."