சக்கர மூடிகளில் உரிந்த ப்ரைமர்

ஜூன் 11, செவ்வாய்

இன்று செய்த தவறு சிறியது. கழுவி உலர வைத்திருந்த உலோக உதிரிகளை விரலால் தொட்டேன்.

சிறு மாதிரிகள் செய்யப் பழகும் மாலை வகுப்பில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்வது மூக்கு நீண்ட பழைய கொலெக்டீவோ பேருந்து ஒன்றின் மாதிரி. முழங்கை நீளம் இருக்கும். வகுப்பு நடக்கும் சங்கத்தின் ஆண்டு விருந்தன்று வாசலிலேயே வைக்கப்போகிறார்கள். உடல் பிளாஸ்டிக் தகடு. முகப்புக் கிரில், விளக்குகள், சக்கர மூடிகள் மட்டும் வார்த்தெடுத்த வெள்ளீயம். அவை ஓஸ்மரின் பொறுப்பு. ஓஸ்மர் தெருமுனை பேக்கரிக்காரர்.

வார்ப்பில் பிதுங்கியிருந்த விளிம்புகளை அவர் அரத்தால் தேய்த்தார். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் வைத்துக் கழுவினார். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்து, தட்டை ஜூன் குளிருக்காகப் போட்டிருந்த ஹீட்டர் பக்கம் நகர்த்திவிட்டு, அடிப்பூச்சுக்கான ப்ரைமர் ஸ்ப்ரே டப்பாவை வெந்நீரில் நிறுத்தி வைக்க முற்றத்துக்குப் போனார்.

தட்டில் உதிரிகள் கோணல்மாணலாகக் கிடந்தன. எனக்கு அப்படிக் கிடந்தால் பொறுக்காது. பெரியது முதல் சிறியது வரை வரிசையாக அடுக்கினேன். இடது கையில் மாத்தே தேநீர்க் குடுவை. வலது கை அப்போதுதான் ஓஸ்மர் கொண்டுவந்த கொழுப்பு பிஸ்கட்டைத் தின்று முடித்திருந்தது. மூன்றாவது சக்கர மூடியை எடுக்கும்போதுதான் விரலில் எண்ணெய்ப்பசை இருப்பது உறைத்தது. விரல்களைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மீதியையும் அடுக்கினேன். அதுதான் எனக்கே விளங்கவில்லை, நிறுத்தியிருக்கலாம்.

சொல்ல வாயெடுப்பதற்குள் ஓஸ்மர் டப்பாவோடு வந்துவிட்டார். ஈரக்காற்று உள்ளே வருகிறது, கதவைச் சாத்துங்கள் என்று நோஎமி கத்தினார். வகுப்பை நடத்துபவர் அவர்தான். பகலில் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர். ஓஸ்மர் மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடித்தார். சாம்பல் நிறம் சீராகப் படிந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 13, வியாழன்

ஆகிவிட்டது.

சக்கர மூடிகளுக்கு நடுவில் சிவப்பு, ஓரத்தில் பால் வண்ணம். நோஎமி முதல் மூடியின் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை வளையமாக ஒட்டி, நடுவில் வண்ணம் தீட்டி, காய்ந்ததும் டேப்பை உரித்தார். டேப்போடு ப்ரைமரும் தோலாக உரிந்து வந்தது. அடியில் வெள்ளீயம் பளபளத்தது. மற்ற உதிரிகளிலும் டேப்பை ஒட்டி உரித்துப் பார்த்தார். கிரில்லின் ஓரத்திலும் இன்னும் இரண்டு மூடிகளிலும் உரிந்தது. உரிந்த இடமெல்லாம் விரல் நுனி அளவில் நீள்வட்டமாக இருந்தது.

"அடேங்கப்பா!" என்று ஓஸ்மரைப் பார்த்தார் ஃபாபியான். இன்சூரன்ஸ் விற்பவர், வகுப்பில் வாய் ஓயாதவர். "குண்டா, உன்ன ப்ரைமர் அடிக்கச் சொன்னா நீ வெண்ணெ தடவியிருக்க. அடுப்புல வச்சிருந்தா இந்நேரம் உப்பி வந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஓஸ்மர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"கையக் காட்டு, கையக் காட்டு. பாருங்க, புடிச்சா வழுக்குது!"

"விடுடா. உன் நாக்கவிடவா வழுக்குது?" என்றார் ஓஸ்மர். பிறகு மூடியைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "நான் இடுக்கியாலதானே எடுத்து வச்சேன். ஒல்லி, நீ பக்கத்துலதானே இருந்த? பாத்தல்ல?"

ஒல்லி என்பது நான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவரே கேட்டுவிட்டார்.

"நான் கவனிக்கல" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "கழுவினப்புறம் கை படக்கூடாதுன்னு நோஎமி மொத நாளே சொன்னாங்களே" என்றும் சேர்த்துச் சொன்னேன். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் ஓஸ்மரின் கைக்குப் போயிற்று. போகும் என்று எனக்குத் தெரியும்.

நோஎமி பெருமூச்சு விட்டார். "பல்லுலயும் இதே கததான். ஒரு விரல் பட்டாப் போதும், மேல பூசுறது ஒட்டாது. யாரையும் திட்டல நான். ஆனா விருந்துக்கு நாள் இல்ல. ஓஸ்மர், நீ இந்தத் தடவ ஜன்னலுக்கு பிளாஸ்டிக் வெட்டிக் குடு. முகப்ப ஒல்லி பாத்துக்கட்டும். அவ கை சுத்தம்."

"கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிட்டேனே" என்றார் ஓஸ்மர். "வாசல்ல ஒரு வண்டி நிக்கும், அதோட மூஞ்சி என் கையால செஞ்சதுன்னு."

"ஜன்னலும் உன் கையாலதான்னு சொல்லு" என்றார் ஃபாபியான்.

தட்டை நோஎமி என் பக்கம் தள்ளினார். "சரி" என்றேன். வகுப்பு முடிகிறவரை ஓஸ்மர் ஜன்னல் வெட்டினார். அவர் கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தை இன்று நான் தொடவில்லை. அது ஒரு பரிகாரம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. என்ன அற்பம்.

ஜூன் 14, வெள்ளி

மருந்துக்கடை வேலைக்குப் போகும் முன் பேக்கரிக்குப் போனேன். தனியாகச் சொல்லிவிடலாம் என்று திட்டம். வரிசை வாசல் வரை நின்றது. தனியாக என்பது அங்கே கிடையாது என்று எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை?

எனக்கு முன்னால் நின்ற, சால்வை போர்த்திய அம்மாள் அவரை விடவில்லை. "என்னப்பா, வண்டி மூஞ்சி என்னாச்சு? எப்ப காட்டப் போற?"

"எங்கம்மா. பதவி பறிபோச்சு. இப்ப நான் ஜன்னல் மந்திரி" என்றார் ஓஸ்மர். "என் கைதான் கோளாறு. இத்தன வருஷமா கொழுப்புல ஊறின கை. எத்தன சோப்பு போட்டாலும் உள்ளயிருந்து கசியும் போல."

அவர் அதை நம்பிவிட்டார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என் முறை வந்தது. "வா ஒல்லி. செவ்வாக்கெழம நான் வரலன்னு நோஎமிகிட்ட சொல்லிட்டேன். என் கண்ணாடிய வகுப்பு மேசையிலயே விட்டுட்டேன், வர்றப்ப எடுத்துட்டு வந்துரு. கால் கிலோவா?"

"அது உங்க கை இல்ல" என்றேன். "என் கை. தட்டுல கோணலா இருந்துதுன்னு நான் அடுக்கினேன். பிஸ்கட் தின்ன கையோட. நேத்து நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

பிஸ்கட் அள்ளும் கரண்டி தராசுக்கு மேலே நின்றது. பின்னால் யாரோ, "இது என்ன, பேக்கரியா, பாவமன்னிப்புக் கூண்டா? எனக்கு அரக் கிலோ ரொட்டி குடுத்துட்டுப் பேசுங்கப்பா" என்றார்கள்.

யாரும் சிரித்ததாக நினைவில்லை. ஓஸ்மர் கரண்டியைக் கொட்டி, பொட்டலத்தை மடித்து, நூலால் கட்டினார். நூலை அறுக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

"நேத்து உன்ன எங்க வச்சுக் கேட்டேன்?"

"வகுப்புல."

"இவங்களுக்கு ப்ரைமர்னா என்னன்னே தெரியாது. இவங்க முன்னாடி சொல்லி எனக்கு என்ன ஆகப்போவுது? ஃபாபியான் முன்னாடி சொல்லு. நோஎமி முன்னாடி சொல்லு." பொட்டலத்தை நீட்டினார். "அடுத்து யாரு?"

எப்போதும் ஒரு பிஸ்கட் கூடப் போட்டுத் தருவார். இன்று சரியாகக் கால் கிலோ.

ஜூன் 17, திங்கள்

சனியும் ஞாயிறும் தப்பிக்கும் வழிகளை யோசித்தே போயின. வகுப்புக் குழுவுக்குச் செய்தி எழுதினேன், அழித்தேன். எழுதியதில் ஓஸ்மரைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மீதியெல்லாம் நான் எவ்வளவு வருந்துகிறேன் என்பது. முகப்பை நானே சத்தமில்லாமல் அழகாகச் செய்துமுடித்து, அவர் பெயரில் வைத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அது வியாழக்கிழமையைவிடக் கேவலம். அவர் கேட்டது முகப்பை அல்ல. பாத்தல்ல என்றுதான் கேட்டார்.

ஃபாபியான் எனக்கு என்ன பெயர் வைப்பார் என்று யோசித்துப் பயப்படுகிறேன். நோஎமி "அவ கை சுத்தம்" என்றதை இன்னும் என் பக்கமே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மாலை ஓஸ்மருக்குச் செய்தி அனுப்பினேன்: நாளை வகுப்பில் சொல்கிறேன், நீங்கள் இருக்க வேண்டும். பார்த்துவிட்டார். வருகிறாரா என்று தெரியாது.

நாளை செய்ய வேண்டியது: எல்லோரும் உட்கார்ந்ததும், மாத்தே சுற்றத் தொடங்கும் முன், எழுந்து நின்று சொல்வது. தட்டை அடுக்கியது நான், கேட்டபோது கவனிக்கவில்லை என்றது பொய், அவ்வளவுதான். காரணம் சேர்க்கக் கூடாது. பிறகு சக்கர மூடிகளையும் கிரில்லையும் தின்னரில் ஊறப்போட்டுப் பழைய ப்ரைமரை முழுக்க எடுப்பது, சோப்பில் கழுவுவது. ப்ரைமர் அடிக்க வேண்டியவர் ஓஸ்மர். அவர் வராவிட்டால் தட்டை மூடி அவருக்காக அலமாரியில் வைப்பது.