வரும்வரைக்கும் ஒரு மெஷின்

"அக்கா, நான் சின்னவன், வயசு இருபத்தி மூணு, குளிர்கிடங்குக்குள்ள இருக்கேன்," என்று கையுறையைக் கழற்றாமலே போனிடம் சொன்னான். அது எழுத்தாகி அக்காவுக்குப் போனது.

"ஏண்டா, போலீஸ்லயா வாக்குமூலம் குடுக்கிற?" என்று அவள் பேசி அனுப்பினாள். பிறகு குரல் இறங்கியது. "நாளைக்கு டாக்டர் வீட்டுக்கு வர்றார். அப்பாவுக்கு மூச்சு முட்டினா மெஷின் வைக்கணுமா, வலியில்லாம வீட்டுலயே விடலாமான்னு கேப்பார். அப்பாகிட்ட இதைப் பத்தி யாரும் பேசல. நீதான் முடிவு சொல்லணும்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, சின்னவனுக்கு அந்த நிலை. வேலைக்கு வந்த வெளிநாட்டில் அவன் பாஸ்போர்ட் கம்பெனியின் கையில். இப்போதைக்கு ஊருக்குப் போக வழியில்லை. மெஷின் என்றால், தான் வரும்வரை அப்பாவைக் குழாயில் கட்டிவைக்க வேண்டும். வேண்டாமென்றால், அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது.

"அப்பா என்ன சொல்றார்?"

"சின்னவன் அடுத்த வாரம் வந்துடுவான், அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சுடுவேங்கிறார்."

ஒவ்வொரு வாரமும் 'அடுத்த வாரம்' என்று சொன்னவன் அவன்தான். அந்த ஒரு சொல்லே அப்பாவைக் கட்டிப்போட்டிருந்தது. கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயின.

"அக்கா, டாக்டரை அப்பாகிட்டயே கேக்கச் சொல்லு. அதுக்கு முன்னாடி போனை அவர் காதுல வை. என்னால வரமுடியாதுன்னு நானே சொல்லிடுறேன்."