இல்லாததைத் தேடும் விதம்

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கும் செக்கருக்குத் தன் கண்மேல் அபார நம்பிக்கை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு பொய்யனிடமும் மனுஷன் ஏமாந்ததில்லையாம். தினமும் சாப்பாட்டு மேஜையில் மனைவிக்கு இதே பாடம்தான்.

"டிக்கெட் வாங்கினவன் பதறுவான். கையில இருக்கறதையெல்லாம் கீழ போட்டுட்டுக் கண்டபடி தேடுவான். வாங்காதவனைப் பாரு, முதல்ல சட்டைப் பை, அப்புறம் பேன்ட் பை, கடைசியா தோள்பை. வரிசையா, நிதானமா தேடுவான். இல்லாததைத் தேடறவனுக்கு என்ன அவசரம்?"

கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிற்று.

அன்று செக்கர் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார். இதயத்தில் அடைப்பு, இந்த வாரமே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார் டாக்டர். மனைவியோ மறுநாள் காலை மகளின் பிரசவத்துக்குக் கிளம்புகிறாள். ஐந்து மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள். விஷயம் தெரிந்தால் கட்டிய பெட்டியைப் பிரித்துவிடுவாள். அதனால் ரிப்போர்ட்டை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்லையாம். வெறும் வாயுவாம்."

கண்ணைச் சிமிட்டவில்லை, மூக்கைச் சொறியவில்லை. சபாஷ் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

"அப்பாடா! எங்க, ரிப்போர்ட்டைக் காட்டுங்க."

"இங்கதானே வச்சேன்..."

சட்டைப் பையைத் தடவினார். பேன்ட் பையில் கைவிட்டார். தோள்பையின் ஜிப்பை நிதானமாகத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்தால், இடுப்பில் கைவைத்தபடி அவள்.

"என்ன செக்கர் சார், டிக்கெட் வாங்கலையா?"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "சீட்டுக்கு அடியில இருக்கு" என்று ஸ்கூட்டர் சாவியை நீட்டினார். வெளியே போய் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு வந்தவளின் கண்கள் சிவந்திருந்தன.

"நீ கிளம்பு. பொண்ணு உனக்காகக் காத்துக்கிட்டிருப்பா."

"அவளுக்குப் புருஷன் இருக்கான், மாமியார் இருக்காங்க. உங்களுக்கு யார் இருக்கா, என்னை விட்டா?"

சொல்லிக்கொண்டே தன் கைப்பையைத் தரையில் கவிழ்த்தாள். சீப்பு ஒரு பக்கம், சாவிக்கொத்து ஒரு பக்கம், மாத்திரை அட்டை ஒரு பக்கம் ஓடின. பார்த்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேடினாள். ஒருவழியாகக் கசங்கிய ரயில் டிக்கெட் அகப்பட்டது.

"இந்தாங்க. முதல்ல இதை ரத்து பண்ணுங்க."

நாளைக் காலை ஆறு பத்து, ஜன்னலோர இருக்கை. இருபத்தாறு வருஷத்தில் கைநீட்டி வாங்கிய டிக்கெட்டுகளில் செக்கரை அழவைத்தது அது ஒன்றுதான்.