பாலியஸ்டரில் சாயம் ஏறாது

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. 1981 மார்ச்சில் அனுப்பம்பட்டு ரயில் நிலையத்தில், வண்டி தாமதமான ஒரு முற்பகலில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னது. அவளுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை கருநீலமாக இருந்தன. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "சாயம் சார். சீக்கு இல்ல" என்றாள். பிறகு நான் கேட்காமலே பேசத் தொடங்கினாள். மறுபடி பார்க்கப்போவதில்லை என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'பழவேற்காடு ஏரியின் நீலமெல்லாம் அவள் கைகளில் வந்து—'

அடித்துவிட்டேன். அந்த ஏரி பெரும்பாலும் சேற்று நிறம். நீலம், கடையில் பொட்டலமாக வாங்கியது.

2

பெயர் ஜெசிந்தா என்று வைத்துக்கொள்வோம். (அவள் யார் பெயரையும் சொல்லவில்லை, இதில் வருபவை நான் வைத்தவை.) ஊர் பழவேற்காடு பக்கம் தோணிரேவு. கணவன் தானியேல் விசைப்படகு வேலைக்கு விசாகப்பட்டினம் போய் மூன்று வருடமாகியிருந்தது. முதல் வருடம் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. வீட்டில் ஜெசிந்தாவும், தானியேலின் கல்யாணமாகாத அக்கா பிலோமினாவும் மட்டும். இருவரும் கூடையில் மீன் சுமந்து விற்றார்கள். சாயங்காலம் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். தானியேலைப் பற்றிப் பேசுவதில்லை.

ஜெசிந்தாவிடம் நல்ல புடவை ஒன்றுதான்: மாதா கோயிலில் மோதிரம் மாற்றியபோது கட்டிய வெள்ளை பாலியஸ்டர். மாதா திருவிழாவுக்கு அதைக் கட்டிக்கொண்டு போனாள். பழவேற்காடு மார்க்கெட்டில் முன்பு பழக்கமான கஸ்தூரியம்மாள் எதிரில் வந்து, வெள்ளையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அய்யோ, இன்னாடி இது! தானியேலு எப்போ தவறினான்?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஜெசிந்தா, "ரெண்டு வருசமாச்சுக்கா" என்றாள்.

கஸ்தூரியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெசிந்தாவும் அழுதாள்.

"ஏன் சொன்னேன்னு தெரில சார். உட்டுட்டுப் பூட்டான்னு சொல்றதுக்கு வாய் வரல. செத்துட்டான்னு சொல்ல வந்துச்சு. அப்புறம் பாரு, ஒருத்தி கட்டிப் புடிச்சு அழுது எத்தினி நாளாச்சு எனக்கு."

[இந்த இடத்தில் குற்ற உணர்ச்சி பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவள் சொன்னதற்குப் பக்கத்தில் அது நிற்கவில்லை.]

3

இனி யாரும் அப்படிக் கேட்கக் கூடாது, தானும் அப்படிச் சொல்லக் கூடாது. புடவைக்குச் சாயம் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். கடைக்கார ஜலாலுதீன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா துணிம்மா? நூலா, பாலியஸ்டரா? பாலியஸ்டர்ல இது ஏறாது."

"நூலுதான் பாய்."

பொய். உண்மையைச் சொன்னால் தர மாட்டாரோ என்ற பயம்.

அலுமினியக் குண்டானில் தண்ணீர் கொதித்தது. சாயத்தூள், ஒரு பிடி உப்பு. கோலால் கிளறினால் புடவை கிழியுமென்று, அடுப்பை அணைத்து, சூடு பொறுக்கும் பக்குவத்தில் கையாலேயே அமுக்கினாள். வெகுநேரம் அமுக்கினாள். எடுத்து அலசினால், நீலமெல்லாம் தண்ணீரோடு ஓடிப்போய், புடவை வெள்ளையாகவே வந்தது. ஓரம் அடித்திருந்த நூல் தையல் மட்டும் நீலக் கோடாக நின்றது.

4

பிலோமினாவை முதல் பிரதியில் கெட்டவளாக எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவள் செய்ததை வரிசையாக எழுதிப் பார்த்தபோது அது ஒட்டவில்லை.

அவள் குண்டானை எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, தானியேலின் பழைய பருத்திச் சட்டையைக் கொண்டுவந்து சாயத்தில் போட்டாள்.

"அக்கா! அது அவரு சட்டை!"

"இருக்கட்டும். இனிமே நாமதான் போட்டுக்கணும்."

சட்டை ஒரே முக்கில் கருநீலமானது. பிலோமினா தலை நிமிராமல் சொன்னாள்.

"அவன் வரமாட்டான் ஜெசி. எட்டு மாசம் முன்ன எனக்கு லெட்டர் போட்டான். அங்க ஒரு பொண்ணு, ஒரு கொழந்தை."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ உங்க அம்மா வூட்டுக்குப் பூடுவ. அப்புறம் எனக்கு யாரு கீறாங்க?"

ஜெசிந்தா மறுநாள் விடிந்ததும் ஒரு பையோடு கிளம்பினாள். அனுப்பம்பட்டில் தங்கை வீடு. பிலோமினா தடுக்கவில்லை; வாசலுக்கும் வரவில்லை.

5

தங்கை வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு ரயிலடிக்கு வந்திருந்தாள். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் ஊர். முடிவாக மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் திரும்பிப் போகிறாள், பிலோமினா சோறு போடுகிறாள். இன்னொன்றில் சென்னைக்குப் போய் வீட்டு வேலையில் சேர்கிறாள். மூன்றாவதில் விசாகப்பட்டினம் போய், அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு— அதை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். வண்டி வந்தது. நான் எழுந்தேன்.

"பொன்னேரி வண்டி இதானா சார்?"

"இதுதான். ஏறுங்க."

எழுந்தாள். பையை எடுத்தாள். பெட்டி வாசல் வரை வந்து நின்றாள்.

"அடுத்த வண்டி எப்போ?"

"ஒரு மணி நேரம் ஆகும்."

"சரி" என்று திரும்பிப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

என் வண்டி நகர்ந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் அங்கே இல்லை. உங்களுக்கு அவசரமில்லையென்றால், கொஞ்சம் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.